வேகவதியில் இப்போ வருஷம் பூரா தண்ணீர்



சென்னையில் இருக்கிற ஒரு நண்பர் போன மாசம் போனில் கேட்டார். "காஞ்சிபுரம் வந்திருந்தேன், பாலத்து மேல நின்னு வேகவதியைப் பார்த்தேன். சித்திரை வெயிலில் கூட தண்ணி ஓடுதே, உங்களை மாதிரி விவசாயிங்க கொடுத்து வெச்சவங்க"ன்னார். அவருக்கு நாலு வரியில் பதில் சொல்ல முடியலை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எங்க சின்ன வயசுல வேகவதி கோடையில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும், தை மாசி வரைக்கும் ஊற்று கசியும், பங்குனி வந்தா மணல். அதுதான் அந்த ஆற்றோட சுபாவம். காய வேண்டிய மாசத்தில் ஒரு ஆறு ஓடுதுன்னா, அந்தத் தண்ணி மழையில் இருந்து வரலைன்னு அர்த்தம். ஊர் குளிச்ச தண்ணி, துணி துவைச்ச தண்ணி, கக்கூஸ் தண்ணி, பட்டுக்குச் சாயம் போட்ட தண்ணி, இதெல்லாம் சேர்ந்ததைத்தான் நண்பர் பாலத்தில் நின்னு பார்த்தார். எனக்கு நிலம் இருக்கிறது காஞ்சிபுரத்துக்குக் கீழே. ஊர் விடுற தண்ணி எங்களைத் தாண்டித்தான் போகணும்.

வேகவதி பெரிய ஆறு இல்லை. தாமல் பக்கம் கிளம்பி, காஞ்சிபுரத்தைத் தொட்டுக்கிட்டு வந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேருது. செய்யாறும் அங்கேதான் வந்து சேரும். மூணு ஆறு கூடுற இடம், அதனால்தான் அந்தப் பேரு.

ஆறு சின்னதா இருந்தாலும் கதை பெருசு. பிரம்மா காஞ்சியில் யாகம் பண்ணினாராம். சரஸ்வதிக்குக் கோபம். ஆறாகி, யாகசாலையை அடிச்சுக்கிட்டுப் போக வேகமா வந்தாளாம். அந்த வேகம்தான் வேகவதி. பெருமாள் போய் குறுக்கே படுத்துட்டார், ஆறு நின்னுபோச்சு. அந்தப் பெருமாள் இன்னும் திருவெஃகா கோயிலில் படுத்திருக்கார், சொன்னவண்ணம் செய்த பெருமாள்னு பேரு. திருவெஃகா ஊர்ப் பேரே பெரும்பாணாற்றுப்படையில் வருது. விவசாயி கண்ணுல பார்த்தா எனக்கு அந்தக் கதை வேற மாதிரி தெரியும். ஆற்றுக்குக் குறுக்கே அணையா கிடக்கிற சாமியைக் கும்பிட்ட ஊர் இது. தண்ணியைப் பற்றி அவ்வளவு பயமும் அவ்வளவு மரியாதையும் இருந்திருக்கு.

கதையை விட்டுட்டு கல்வெட்டுக்கு வருவோம். திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, 11-ஆம் நூற்றாண்டு. அங்கே ஒரு பாடசாலையும், மாணவர் தங்குற விடுதியும், 15 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியும் நடந்ததா அதில் எழுதியிருக்கு. வைத்தியர் ஒருத்தர், அறுவை செய்றவர் ஒருத்தர், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளியைப் பார்த்துக்கிற பெண்கள், அவங்களுக்கு என்ன சம்பளம், எந்த மருந்து எவ்வளவு கைவசம் இருக்கணும், எல்லாம் கல்லில் இருக்கு. காஞ்சிபுரத்துத் தண்ணி போய்ச் சேருற இடத்தில், ஆற்றங்கரையில், ஆஸ்பத்திரி வெச்சிருக்காங்க. இன்னைக்கு அப்படி ஒரு இடம் பார்ப்போமா?

அதே எங்க மாவட்டத்தில் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-ஆம் வருஷமும் 921-ஆம் வருஷமும் வெட்டினது. குடவோலை முறைன்னு நீங்க பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. ஓலையில் பேர் எழுதி குடத்தில் போட்டு எடுப்பாங்கன்னு அதோட நிறுத்திடுவாங்க. எடுத்த ஆட்கள் என்ன வேலைக்குப் போனாங்கன்னு வாத்தியார் அதிகம் சொல்ல மாட்டார். அதில் 6 பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கிறதுக்குன்னே தனியா ஒரு குழு. ஒரு வருஷம்தான் பதவி. முன்னாடி வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் திரும்ப நிற்க முடியாது, அவனோட நெருங்கின சொந்தக்காரனும் நிற்க முடியாது. ஏரித் தண்ணி ஊர்ப் பொதுச் சொத்து, பொதுச் சொத்துக்குக் கணக்கு உண்டு. இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வெச்சுக்குங்க, கடைசியில் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் எல்லாம் சொர்க்கமா இருந்துச்சுன்னு நான் சொல்ல வரலை. அந்த வாரியத்தில் எல்லா ஜாதிக்காரனும் உட்கார முடிஞ்சதா? முடியலை. ஊர் அழுக்கை எடுத்தவங்க யாருன்னு பார்த்தா வரலாறு இன்னும் கசக்கும்.

குடத்து நீரும் குழாய் நீரும்

காஞ்சிபுரம் முனிசிபாலிட்டி ஆனது 1866-ல். 1901 ஜனத்தொகைக் கணக்குப்படி ஊரில் 46,164 பேர். அப்போ கக்கூஸ்னா உலர் கக்கூஸ்தான். மனுஷ மலத்தை மனுஷனே கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, வண்டியில் கொட்டி, ஊருக்கு வெளியே கொண்டுபோனாங்க. அந்த வேலையை யார் தலையில் கட்டினோம்னு எல்லாருக்கும் தெரியும். அதைத் தடை பண்ணி முதல் சட்டம் வந்தது 1993-ல், அதைவிடக் கடுமையான சட்டம் 2013-ல். அவ்வளவு தாமதம்.

வீட்டுக் கழிவுத் தண்ணி அப்போ பெரிய பிரச்சினை இல்லை. காரணம் சுலபம். கிணற்றில் கயிறு போட்டு இழுத்தவங்க தண்ணியை எண்ணி எண்ணித்தான் செலவு பண்ணுவாங்க. ஒரு குடம் சுமார் 15 லிட்டர். குளிக்க ரெண்டு குடம், பாத்திரம் கழுவ ஒரு குடம். புழக்கடையில் கழுவின தண்ணி வாழைக்கும் கருவேப்பிலைக்கும் போகும். தெருவுக்கு வர மிச்சம் இருக்காது. தெருக் கால்வாய் மழைத் தண்ணிக்குத்தான்.

குழாய் வந்த பிறகுதான் எல்லாம் மாறிச்சு. காஞ்சிபுரத்துக்குக் குடிநீர் ஓரிக்கை பாலாற்றுப் படுகை, அதற்கும் மேலே திருப்பாற்கடல், வேகவதிப் படுகைன்னு ஆற்று மணலில் இருந்துதான் வந்துக்கிட்டு இருக்கு. திருகினா கொட்டுற தண்ணிக்குக் கணக்குக் கிடையாது. உள்ளே எவ்வளவு வருதோ, அதில் முக்கால் பாகத்துக்கு மேல வெளியே போயாகணும். உலகத்தில் எல்லா ஊரிலும் நடந்த கதைதான் இது. லண்டனில் வீட்டுக்கு வீடு குழாயும் ஃபிளஷ் கக்கூசும் வந்த பிறகு மொத்தமும் தேம்ஸ் ஆற்றில் விழுந்து, 1858 கோடையில் நாற்றம் தாங்காம பார்லிமென்ட்டே தவிச்சதுன்னு படிச்சிருக்கேன். அதுக்கு அப்புறம்தான் அவங்க பெரிய சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினாங்க. ஆளுற இடத்துக்கு நாற்றம் போனாத்தான் பணம் வரும் போல. காஞ்சிபுரத்து நாற்றம் கோட்டை வரைக்கும் போகாது, கிழக்கே எங்க பக்கம்தான் வரும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன். பாதாள சாக்கடை இருக்கிற ஊருக்கு ஆள் ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணி தரணும்னு அரசாங்கக் கையேட்டில் இருக்கு. அதில் 80 சதவீதம் கழிவா திரும்பும்னு இன்ஜினியருங்க எடுத்துக்குவாங்க. அதாவது 108 லிட்டர். 2011 கணக்குப்படி காஞ்சிபுரம் நகராட்சியில் 1,64,384 பேர். பெருக்கிப் பாருங்க, ஒரு நாளைக்கு சுமார் 1 கோடியே 77 லட்சம் லிட்டர். இது பழைய எல்லைக்கும் பழைய ஜனத்தொகைக்கும் மட்டும். கோயிலுக்கு வர்றவங்க, பட்டு எடுக்க வர்றவங்க, லாட்ஜ், ஓட்டல் எதுவும் இதில் சேரலை.

பாதாள சாக்கடையும் மஞ்சள் நீர் கால்வாயும்

காஞ்சிபுரத்தில் பாதாள சாக்கடை வந்தது எழுபதுகளில். தமிழ்நாட்டில் பல பெரிய ஊருக்கு இன்னைக்கும் முழுசா வராத திட்டம், இங்கே அப்பவே வந்துச்சு. அதே சமயத்தில்தான் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் டெல்லியில் வந்துச்சு. நம்ம மாநிலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் வந்துச்சு. காகிதத்தில் எல்லாம் சரியா இருந்துச்சு.

சுத்திகரிப்பு எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். இதில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. முதல்ல கம்பி வலையில் துணி, பிளாஸ்டிக் எல்லாம் தடுப்பாங்க. அப்புறம் மண்ணைப் படிய விடுவாங்க. அதுக்குப் பிறகு முழு வேலையும் கிருமிகளுடையது. எரு குழியில் சாணத்தை மக்க வைக்கிற அதே ஜாதிக் கிருமிதான் தண்ணியில் கரைஞ்ச அழுக்கையும் தின்னுது. தின்ன அதுக்குப் பிராணவாயு வேணும். வெயில் அடிக்கிற நம்ம ஊருக்கு அந்தக் காலத்தில் சிபாரிசு பண்ணினது குட்டை முறை. தண்ணியை அகலமான குட்டைகளில் பல நாள் நிறுத்துவாங்க, பாசி வளர்ந்து பிராணவாயு கொடுக்கும். கரண்டு செலவு கம்மி, இடம் நிறைய வேணும். இப்போ வர்ற நிலையங்களில் மோட்டார் வெச்சுக் காற்று அடிக்கிறாங்க. இடம் கம்மி, கரண்டு பில் ஜாஸ்தி. 1914-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் ரெண்டு பேர் கண்டுபிடிச்ச முறைதான் இதுக்கு மூலம்.

தண்ணி எவ்வளவு அழுக்குன்னு அளக்க ஒரு கணக்கு இருக்கு, பிஓடின்னு சொல்வாங்க. அழுக்கைத் தின்னு தீர்க்கக் கிருமிக்கு எவ்வளவு பிராணவாயு தேவைன்னு அளக்கிறது. ஊர்ச் சாக்கடையில் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். ஆற்றில் விடணும்னா 30-க்குள் கொண்டுவரணும், நிலத்துப் பாசனத்துக்கு 100-க்குள் இருந்தாப் போதும்னு பல வருஷமா விதி. ஆறு மூச்சு விடணும், மீன் பிழைக்கணும்னா ஆற்றுத் தண்ணியில் அந்த அளவு 30-ஐ விட ரொம்பக் கம்மியா இருக்கணும்.

எங்கே தப்பு நடந்துச்சு? நிலையம் கட்டினதில் மட்டும் இல்லை. நிலையம் வரைக்கும் தண்ணி வந்து சேரலை, அதுதான் பாதிப் பிரச்சினை. ஊர் வளர்ந்த வேகத்துக்குக் குழாய் வளரலை. குழாய் இருந்த தெருவிலும் எல்லா வீடும் இணைப்பு வாங்கலை. வீட்டு வாசலில் கால்வாய் ஓடும்போது, காசு கட்டிக் குழாயில் சேர்க்கணுமான்னு ஜனம் நினைச்சது. 2011-ல் செவிலிமேடு, ஓரிக்கை, தேனம்பாக்கம், நத்தப்பேட்டை மாதிரி பக்கத்து ஊர்களை நகரத்தோட சேர்த்தாங்க. 2021-ல் மாநகராட்சி ஆச்சு. போர்டு மாறிச்சு, அந்த ஊர்களில் சாக்கடை போன பாதை மாறலை.

மேற்கே புத்தேரிப் பக்கம் கிளம்பி, ஊருக்கு நடுவில் புகுந்து, நத்தப்பேட்டை ஏரியில் போய் விழுற கால்வாய் ஒண்ணு உண்டு. பேரு மஞ்சள் நீர் கால்வாய். ஊரில் பெய்யுற மழைத் தண்ணியை வடிய வைக்கிற கால்வாய் அது. பேரில்தான் மஞ்சள், ஓடுறது கருப்பு. ஏரியில் போய்ப் பார்த்தீங்கன்னா ஆகாயத்தாமரை. ஊருக்கு வெளியே இருந்து வர்றவங்க "எவ்வளவு பச்சை, எவ்வளவு அழகு"ன்னு போட்டோ எடுப்பாங்க. அது சாக்கடையில் இருக்கிற தழைச்சத்தைத் தின்னு கொழுத்த பச்சைங்க. அடியில் வெளிச்சம் போகாது, மீன் நிற்காது.

ஆற்றங்கரையையும் விட்டு வைக்கலை. வேகவதி ஓரமா ஆயிரத்துக்கு மேல வீடுங்க முளைச்சுது. 2015 வெள்ளத்தில் ஊரே பார்த்துது ஆறு தன்னோட இடத்தைக் கேட்டு வந்ததை. 2021 நவம்பரிலும் பாலாறும் வேகவதியும் புரண்டு வந்துச்சு. கரையில் இருந்தவங்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி கட்டினாங்க, ரெண்டாயிரத்துக்கு மேல வீடுங்க. தறியையும் தினக்கூலி வேலையையும் விட்டுட்டு அவ்வளவு தூரம் எப்படிப் போறதுன்னு அங்கே இருந்த ஏழைங்க கேட்டதிலும் நியாயம் இருக்கு. வசதி இருந்தா யாரும் சாக்கடை ஓரத்தில் வீடு கட்ட மாட்டாங்க.

பட்டுத் தண்ணி

காஞ்சிபுரம்னா பட்டு. அதனால் சாயத்தைப் பற்றியும் சொல்லியாகணும். நெசவாளிங்க எங்களுக்குப் பகையாளி இல்லை. கழனி வேலை இல்லாத மாசத்தில் எங்க ஊர் ஆளுங்களும் பிள்ளையார்பாளையம் பக்கம் தறி வேலைக்குப் போனவங்கதான்.

கச்சாப் பட்டு நூலில் இயற்கையாவே ஒரு பசை ஒட்டிக்கிட்டு இருக்கும். புழு கூடு கட்டும்போது விடுற பசை அது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வெச்சுத்தான் அதை எடுக்கணும், அப்பத்தான் பளபளப்பு வரும். ஒரு கிலோ நூலில் 200-ல் இருந்து 250 கிராம் வரைக்கும் கரைஞ்சு தண்ணியோட போயிடும். அது ஒண்ணும் விஷம் கிடையாது, ஆனா பிஓடி கணக்கில் பெரிய பாரம். அதுக்குப் பிறகு சாயம், அமிலம், திரும்பத் திரும்ப அலசுற தண்ணி. அரக்கு, மஞ்சள், அவுரின்னு செடியிலயும் பூச்சியிலயும் எடுத்த சாயம் இருந்த வரைக்கும் மண்ணு தாங்கிக்கிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் இருந்து டப்பாவில் சாயம் வந்தது. வேலை சுலபம், நிறம் நிறைய. அந்த நிறத்தைக் கிருமி லேசில் தின்னாது. நிலையத்தில் அழுக்கு குறைஞ்சாலும் நிறம் அப்படியே வெளியே வரும்.

திருப்பூர் மாதிரி இங்கே பெரிய ஆலைங்க இல்லை. சின்னச் சின்னப் பட்டறை, வீட்டுக்குப் பின்னாடி அண்டா வெச்சு நடத்துறாங்க. அதனால் தனித்தனியா சுத்திகரிப்பு வைன்னு சொன்னா அவங்களால் முடியாது. பட்டறைகளை ஒரு இடத்தில் சேர்த்துப் பொது நிலையம் வெச்சாத்தான் நடக்கும்.

ஏன் அவசரம்னு கேட்டா, மற்ற ஊரைப் பாருங்க. நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் வந்துச்சு, ஏறக்குறைய 20 ஆயிரம் ஏக்கர் பாசனத்துக்குன்னு. திருப்பூர்ச் சாயத் தண்ணி அதில் தேங்கிச்சு. கடைசியில் அந்த அணையில் இருந்து தண்ணி விடாதேன்னு விவசாயிங்களே கோர்ட்டுக்குப் போனாங்க. தண்ணி விடுன்னு கேட்டுத்தான் விவசாயி போராடுவான். விடாதேன்னு போராட வெச்ச அணை அது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. லட்சக்கணக்கான கூலிக்காரங்க தவிச்சாங்க. முன்னாடியே ஒழுங்கு பண்ணியிருந்தா ரெண்டு பக்கமும் அழுதிருக்க வேண்டாம்.

எங்க பாலாறும் அதே கதைதான். மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைங்க. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. கெடுத்தவன்தான் சரி பண்ற செலவைக் கொடுக்கணும்கிற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்தில் வேரூன்றினதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு. சட்டக் கல்லூரியில் பாடமா வெச்சிருக்காங்க. ஆனா பாலாறு? 2025 ஜனவரி 30-ல் அதே பாலாறு, அதே தோல் கழிவு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சு. 28 வருஷம் கழிச்சு. ஒரு தீர்ப்பு வந்தா ஆறு சுத்தமாயிடும்னு நம்புறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

எங்க கழனியில் நடக்கிறது

சாக்கடைத் தண்ணி பயிருக்கு உரம்தானே, நல்லதுதானேன்னு சில படிச்சவங்க கேட்பாங்க. பாதி உண்மை. முன்னாடி எங்க அப்பா காலத்தில் முனிசிபாலிட்டி உரக் கிடங்கில் இருந்து மக்கின குப்பையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கிட்டு வருவாங்க. அதில் பிளாஸ்டிக் இருக்காது, ஊசி இருக்காது. மண்ணு வாங்கிக்கும்.

இப்போ வர்ற தண்ணியைச் சம்பாவுக்குப் பாய்ச்சினா பயிர் கருகருன்னு எழும்பும். பார்க்கிறவன் கண்ணு வைப்பான். தழைச்சத்து அளவுக்கு மீறினதால் தாள் மட்டும் நீளமா வளரும், கதிர் பிடிக்கிற நேரத்தில் ஒரு மழை வந்தா மொத்தமும் சாயும். பதர் அதிகம், பூச்சி அதிகம். நாத்து நடுற பெண்களுக்குக் காலில் அரிப்பு, சேத்துப்புண். நவரையில் வேற தண்ணி இல்லாதப்போ இதைத்தான் எடுக்கணும். போர் தண்ணி இருக்கிறவன் தப்பிச்சான், ஆற்றை நம்பினவன் மாட்டினான். சொர்ணவாரி நெல்லை எங்க பக்கத்தில் பாதிப் பேர் விட்டுட்டாங்க.

இதைச் சொல்லி ஒரு ஆபீசுக்கு நாங்க பத்துப் பேர் சேர்ந்து மனு கொண்டுபோனோம். இது எங்க வேலை இல்லை, அந்த ஆபீசுக்குப் போங்கன்னாங்க. அந்த ஆபீசில், ஆறு வேற துறை, சாக்கடை வேற துறை, ஏரி வேற துறைன்னு விளக்கம் சொன்னாங்க. தண்ணிக்கு மட்டும் அந்த எல்லை தெரியலை, மூணையும் தாண்டி எங்க வரப்பு வரைக்கும் வந்துடுது.

இப்போ ஊரில் பாதாள சாக்கடையை விரிவாக்கணும், கால்வாயைச் சீரமைக்கணும், சுத்திகரிப்பைப் புதுசு பண்ணணும்னு பேச்சும் வேலையும் நடக்குது. சந்தோஷம். ஆனா எங்களுக்கு இன்னொரு பயம் இருக்கு, அதை நகரத்தில் இருக்கிற நீங்க யோசிச்சிருக்க மாட்டீங்க.

தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு வைங்க. அப்புறம் அது யாருடையது?

சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் சாக்கடையைக் கடைசி வரைக்கும் சுத்தம் பண்ணி, தலா 4 கோடியே 50 லட்சம் லிட்டர், ஆலைங்களுக்கு விக்கிற நிலையம் 2019-ல் வந்துச்சு. கோயம்பேட்டுத் தண்ணி குழாய் வழியா இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரைக்கும் வருது. அதெல்லாம் எங்க பக்கம்தான். நல்ல திட்டம், நான் குறை சொல்லலை. அந்த ஆலைங்க ஏரித் தண்ணியையும் நிலத்தடி நீரையும் எடுக்காம இருந்தா எங்களுக்கும் லாபம். ஆனா நாளைக்குக் காஞ்சிபுரத்துத் தண்ணியும் அப்படிச் சுத்தமாகி, காசு கொடுக்கிறவனுக்குக் குழாயில் போயிட்டா, கீழே இருக்கிற கழனிக்கு என்ன மிச்சம்? அழுக்கா இருந்த வரைக்கும் எங்க தலையில் விட்டீங்க, சுத்தமானதும் விலை போட்டீங்கன்னு ஆகிடும்.

பாலாற்றுப் படுகையில் இருந்து உறிஞ்சி எடுத்த தண்ணி இது. அந்தப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டித்தான் எங்க பாட்டன் காலத்தில் ஏரி நிரப்பினாங்க. மேலே எடுத்த தண்ணி கீழே திரும்பி வரணும், அதுவும் பாய்ச்சுற தரத்தில் வரணும். நாங்க தர்மம் கேட்கலை, பங்கு கேட்கிறோம்.

மறுபடியும் என் கணக்கு. ஒரு ஏக்கரில் ரெண்டு அங்குலம் தண்ணி நிறுத்த சுமார் 2 லட்சம் லிட்டர் வேணும். 1 கோடியே 77 லட்சம் லிட்டர்னா ஒரு நாளைக்கு 86 ஏக்கர். நாலு நாளைக்கு ஒரு தண்ணின்னு முறை வெச்சா 340 ஏக்கர். கால்வாயில் உறிஞ்சுறது, ஆவியாகிறது போக 250 ஏக்கர்னு வைங்க. கோடையில் 250 ஏக்கர் நெல் நடலாம், நெல் வேணாம்னா அதைவிட ரெண்டு மடங்கு நிலத்தில் கேழ்வரகோ எள்ளோ போடலாம். ஒரு ஊர் தன்னோட கழிவில் இருந்து இவ்வளவு திருப்பிக் கொடுக்க முடியும்.

அதுக்கு என்ன வேணும்னு என் அறிவுக்கு எட்டினதைச் சொல்றேன். மழைக் கால்வாயில் மழைத் தண்ணி மட்டும் போகணும். சாயத் தண்ணி வீட்டுத் தண்ணியோட கலக்கவே கூடாது, அதுக்குத் தனி வழி, தனி நிலையம், செலவில் அரசாங்கமும் பெரிய பட்டுக் கடைகளும் பங்கு போடணும். சுத்திகரிச்ச தண்ணி வெளியே வர்ற இடத்தில் ஒரு கரும்பலகை வெச்சு, இன்னைக்கு எவ்வளவு லிட்டர், பிஓடி எவ்வளவுன்னு தினம் தமிழில் எழுதணும். கீழே இருக்கிற கிராமங்களுக்கு எந்த மாசம் எவ்வளவு தண்ணின்னு எழுத்தில் கொடுக்கணும். அந்தக் கணக்கைப் பார்க்கிற குழுவில் ஊர்க்காரன் ரெண்டு பேர், நெசவாளி ரெண்டு பேர், கடைமடை விவசாயி ரெண்டு பேர் இருக்கணும். ஆறு பேர். ஏரி வாரியத்திலும் அதே எண்ணிக்கைதான். இந்த முறை எல்லா ஜாதியும் உட்காரலாம், பெண்களும் உட்காரலாம். கணக்குக் காட்டாதவன் மறு வருஷம் வரக் கூடாது, அந்த விதியை மட்டும் கல்வெட்டில் இருந்து அப்படியே எடுத்துக்கலாம்.

நீங்க எல்லாம் காஞ்சிபுரம் வருவீங்க. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, காமாட்சியைப் பார்க்க, வரதரைப் பார்க்க. வரும்போது புடவைக் கடையில் ஜரிகை சுத்தமானதான்னு கேட்பீங்க இல்லையா, அதோட இன்னொரு கேள்வியும் கேளுங்க. "இந்த நூலுக்குச் சாயம் எங்கே போட்டீங்க, அந்தத் தண்ணி எங்கே போச்சு?" நாங்க கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. காசு கொடுக்கிற நீங்க கேட்டா கடைக்காரர் யோசிப்பார். ஒரு நாளைக்கு நூறு பேர் கேட்டா சங்கத்தில் பேசுவாங்க.

நேரம் இருந்தா திருவெஃகா பெருமாளையும் பார்த்துட்டு, பாலத்துக்கும் போங்க. சித்திரையில் ஆறு காய்ஞ்சு மணலா கிடந்தா வருத்தப்படாதீங்க. சுத்திகரிச்ச தண்ணி கால்வாயில் எங்க கழனிக்கும், மழைத் தண்ணி மட்டும் ஆற்றுக்கும்னு பிரிஞ்சு போகுதுன்னு அர்த்தமா இருக்கலாம். அப்படி ஒரு சித்திரை வரணும்னுதான் நாங்களும் காத்துக்கிட்டு இருக்கோம்.